பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது, லினக்ஸிலும் வைரஸா? அவசரம்

காகிதப்பூ · இரவு 9:14
நண்பர்களே, அவசர உதவி வேண்டும். பென்டிரைவைத் திறந்தால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கிறது. க்ளிக் செய்தால் எதுவும் திறக்கவில்லை. விண்டோஸுக்குப் பதில் நான் லினக்ஸ்தான் வைத்திருக்கிறேன். அதில் வைரஸ் வராது என்று சொன்னதை நம்பித்தான் மாறினேன். நாளை காலை கொடுக்கவேண்டிய அறிக்கை உள்ளே இருக்கிறது, வேறு காப்பி இல்லை. ஃபார்மட் செய்யாமல் எடுக்க முடியுமா?

திண்ணைவாசி · 9:20
எந்த லினக்ஸ்? பென்டிரைவ் எந்த முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது, ஃபேட்32-ஆ, என்டிஎஃப்எஸ்-ஆ? கடைசியாக வேறு எந்த மெஷினில் செருகினீர்கள்? இது தெரியாமல் என்ன சொன்னாலும் குருட்டடிதான்.

செப்புக்கம்பி · 9:23
பென்டிரைவ் போய்க்கொண்டிருக்கிறது. மெமரி தேய்ந்தால் ஃபைல் பட்டியல் குழம்பிவிடும், எனக்கே இரண்டு முறை ஆகியிருக்கிறது. அதில் எதையும் எழுதாதீர்கள். முதலில் முழு இமேஜ் (பென்டிரைவின் அப்படியே நகல்) எடுத்துவிட்டு அப்புறம் மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள்.

கருவூலம் · 9:31
இந்தக் கேள்வி இங்கே எத்தனை தடவை வந்திருக்கிறது என்று தேடிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். இது விண்டோஸ் வார்ம், தன்னைத்தானே நகலெடுத்து மெஷின் விட்டு மெஷின் பரவும் வகை. லினக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என்ன சிஸ்டம் வைத்திருக்கிறோம், அது எப்படி வேலை செய்கிறது என்று அடிப்படையைப் படித்துவிட்டு மாறியிருக்கலாம். செப்புக்கம்பி சொல்வதுபோல் பென்டிரைவ் கெட்டால் ஃபைல் பெயர் கிறுக்கலாக வரும். ஒழுங்கான பெயரோடு ஷார்ட்கட் வராது.

காகிதப்பூ · 9:38
உபுண்டு. ஃபேட்32-ஆ என்று எங்கே பார்ப்பது? நேற்று ஆபீஸில் எல்லோரும் பிரிண்ட் எடுக்கிற விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு முறை செருகினேன். இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

நீலநூல் · 9:41
அதுதான் விஷயமே. பதறாதீர்கள், ஃபைல் அங்கேயேதான் இருக்கும். பென்டிரைவின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஷார்ட்கட் ஒன்றிரண்டு கேபிதான் இருக்கும். நிரம்பிய இடம் பழைய அளவே காட்டினால் எதுவும் அழியவில்லை.

இன்னொன்று: பெயரே இல்லாத ஃபோல்டர் ஏதாவது தெரிகிறதா?

காகிதப்பூ · 9:46
ஆமாம்! ஐகான் மட்டும் இருக்கிறது, கீழே பெயர் இல்லை. ஏதோ பிழை என்று நினைத்து விட்டுவிட்டேன். 2.1 ஜிபி நிரம்பியதாகக் காட்டுகிறது.

நீலநூல் · 9:58
அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பெயர் வெறுமை இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி எழுத்து. வார்ம் உங்கள் ஃபோல்டர்களை அதற்குள் தள்ளிவிட்டு, அதற்கு மறைவு அடையாளமும் சிஸ்டம் அடையாளமும் போட்டிருக்கும். விண்டோஸ் அந்த அடையாளத்தை மதித்து மறைத்துவிடும். லினக்ஸ் பெயருக்கு முன்னால் புள்ளி இருந்தால்தான் மறைக்கும், இந்த அடையாளத்தைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் உங்களுக்குத் தெரிகிறது. இந்த நேரத்தில் லினக்ஸ் கையில் இருப்பது நல்லதாகப் போயிற்று.

உள்ளே போய் உங்கள் ஃபைல்களை மட்டும் ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி எடுங்கள். எல்என்கே (ஷார்ட்கட்), விபிஎஸ், ஜேஎஸ் (ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொகுப்பு), இஎக்ஸ்இ (ப்ரோகிராம்) என்று முடிகிற எதையும் எடுக்கவேண்டாம். அறிக்கை திறக்கிறதா என்று பார்த்த பிறகே பென்டிரைவை ஃபார்மட் செய்யவேண்டும். அதற்கு முன் அல்ல.

வைன் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் அந்த ஷார்ட்கட்டை இனித் தொடவேண்டாம். விண்டோஸ் ப்ரோகிராமை ஓட்டத்தானே வைன் இருக்கிறது, வைரஸ் என்று அது பிரித்துப் பார்க்காது.

ஆமைநடை · 10:05
ஒரு சந்தேகம். பென்டிரைவ் செருகினாலே தானாக ஓடுவதைத்தான் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதே?

நீலநூல் · 10:14
நிறுத்தியது. 2009-இல் விண்டோஸ் 7-லும், 2011 பிப்ரவரியில் அப்டேட் வழியாக எக்ஸ்பி, விஸ்டாவிலும். தானாக ஓட வழியில்லாததால்தான் நம் விரலை வைத்து ஓட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸில் இந்த ஷார்ட்கட் ஒன்றின் ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் கட்டத்தைப் பாருங்கள். உங்கள் ஃபோல்டரின் முகவரி மட்டும் இருக்காது. முதலில் சிஎம்டி (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் ப்ரோகிராம்), பிறகு மறைந்திருக்கும் ஸ்கிரிப்டை ஓட்டும் கட்டளை, கடைசியில் நிஜ ஃபோல்டரைத் திறக்கும் கட்டளை. விண்டோஸில் க்ளிக் செய்தவருக்கு ஃபோல்டர் வழக்கம்போல் திறக்கும், அதனால் சந்தேகமே வராது. அதற்குள் வார்ம் அந்த மெஷினில் ஏறி, அடுத்து வரும் பென்டிரைவுக்காகக் காத்திருக்கும்.

க்ளிக்கே தேவைப்படாத காலமும் இருந்தது. 2010-இல் ஸ்டக்ஸ்நெட் என்ற வார்ம் பயன்படுத்திய ஓட்டையில், ஷார்ட்கட்டின் ஐகானை விண்டோஸ் திரையில் காட்டினாலே போதும். அதை அந்த வருடமே அடைத்தார்கள், ஆனால் அடைப்பு முழுமையாக இல்லாததால் 2015-இல் மறுபடி அடைக்கவேண்டியதாயிற்று.

கருவூலம் · 10:20
நான் ஒரு வரியில் சொன்னதைத்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள். லினக்ஸில் ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமல் எதுவும் சிஸ்டத்தைத் தொட முடியாது. வைரஸ் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பாசிமணி · 10:27
சிஸ்டத்தைத் தொடாது, சரி. என் ஃபைலைத் தொடுமே? ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு ரூட் எதற்கு? என் பெயரில் ஓடினாலே என் ஹோம் ஃபோல்டரைப் பூட்டிவிடும். சிஸ்டத்தை ஒரு மணி நேரத்தில் மறுபடி போட்டுக்கொள்ளலாம், பத்து வருடப் படங்களை யார் திருப்பித் தருவார்கள்? இந்த ‘வராது’ என்ற பேச்சை நம்பித்தான் காகிதப்பூ காப்பிகூட வைக்காமல் இருந்திருக்கிறார். 1988-இல் மோரிஸ் வார்ம் பரவியதே லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் மெஷின்களில்தான். 2016-இல் மிராய் என்ற வார்ம் பிடித்ததெல்லாம் லினக்ஸில் ஓடுகிற கேமராவும் ரவுட்டரும்.

கருவூலம் · 10:31
மிராய் நுழைந்தது மாற்றாத பாஸ்வேர்டு வழியாக. அது லினக்ஸின் குறை இல்லை, வைத்திருந்தவர் குறை.

பாசிமணி · 10:36
எல்லா கேமராவுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்றவரை விட்டுவிட்டு வாங்கியவரைக் குறை சொல்வதா? சரி, 2024 மார்ச் நினைவிருக்கிறதா? லினக்ஸில் ஃபைலைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இஸட் யூடில்ஸ் 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி. அதைப் பராமரிக்கும் உரிமை பெற்றிருந்த ஒருவரே வைத்தது. எஸ்எஸ்ஹெச் (தூரத்து மெஷினுக்குள் நுழையும் வழி) லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருளாளர் தோண்டிப் பார்த்ததால் வெளியே வந்தது. அவர் மட்டும் ‘பரவாயில்லை, அரை விநாடிதானே’ என்று விட்டிருந்தால்?

வெள்ளைத்தாமரை · 10:40
இதற்குத்தான் நான் மேக். இந்தத் தொல்லையே கிடையாது.

பாசிமணி · 10:44
2012-இல் ஃப்ளாஷ்பேக் என்ற தீய மென்பொருள் சுமார் 6 லட்சம் மேக்குகளில் இருந்தது. ஜாவா ஓட்டை வழியாக, பாஸ்வேர்டுகூடக் கேட்காமல். ஆப்பிள் 2009 முதலே மேக்கில் எக்ஸ்ப்ரொடெக்ட் என்ற வைரஸ் தடுப்பை வைத்திருக்கிறது. தொல்லை இல்லையென்றால் அது எதற்கு?

செப்புக்கம்பி · 10:47
இருந்தாலும் அந்தப் பென்டிரைவை ஒரு முறை சோதித்துவிடுங்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

திண்ணைவாசி · 10:49
யார் சிஸ்டம் உசத்தி என்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். கேட்டவரைக் காணோம். காகிதப்பூ, கிடைத்ததா?

காகிதப்பூ · 11:20
எல்லாம் கிடைத்தது. அறிக்கை திறக்கிறது, மெயிலிலும் ஒரு காப்பி போட்டுவிட்டேன். வைன் இல்லை. நீலநூல், ரொம்ப நன்றி. காலையில் அதே கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன்.

நீலநூல் · 11:22
வேண்டாம்! அந்த மெஷினில்தான் வார்ம் உட்கார்ந்திருக்கிறது, செருகிய மறு விநாடி திரும்ப ஏறிவிடும். பிடிஎஃப் ஆக்கி, வேறு மெஷினில் மெயிலிலிருந்து எடுங்கள். அந்த ஆபீஸ் மெஷினைப் பராமரிப்பவரிடம் சொல்லி, விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டச் சொல்லுங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும். கால் மணி நேர வேலைதான். ஸ்டார்ட்அப் பட்டியலிலும் டாஸ்க் ஷெட்யூலரிலும் அறிமுகமில்லாத ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

அங்கே மற்றவர்களும் பென்டிரைவ் செருகுகிறார்களே, காலையில் முதலில் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

நீலநூல் · மறுநாள் காலை 8:05
காகிதப்பூ, பார்த்தீர்களா?

ஓலைக்குடை · மறுநாள் மாலை 6:30
எனக்கும் இதே பிரச்சினை. பெயரில்லாத ஃபோல்டர் எதுவும் தெரியவில்லை. என்ன செய்வது?

திண்ணைவாசி · 6:34
எந்த சிஸ்டத்தில் பார்க்கிறீர்கள்? விண்டோஸ் என்றால் வ்யூ பகுதியில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லிவிட்டு, சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுங்கள். இரண்டையும் செய்தால்தான் தெரியும். ஷார்ட்கட் எதையும் க்ளிக் செய்யாதீர்கள்.