பழைய வேனில் பேட்டரி சார்ஜ் நிற்கவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள்

செல்ஃப் அடித்தால் "டக்"கென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும் வேனுக்குப் பெரும்பாலும் முதலில் நடப்பது பேட்டரி மாற்றம்தான். பழுது சார்ஜிங்கில் இருந்தால் புது பேட்டரியும் சீக்கிரமே அதே கதிக்கு வந்துவிடும். பத்து நிமிஷம் செலவழித்து அளந்து பார்த்தாலே பணம் மிச்சம்.

முதலில் டெர்மினல். நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மாற்றிச் செய்தால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டதும் ஷார்ட் ஆகும். பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவுங்கள். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது. பிறகு ஈயம் பளிச்சென்று தெரியும்வரை கம்பி பிரஷ் போட்டு, மாட்டி இறுக்கிய பின் வாசலின் தடவுங்கள்.

வண்டியை நிறுத்திய கையோடு வோல்ட் பார்க்காதீர்கள், அப்போது அளவு ஏற்றியே காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிஷம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளக்கவும். 12.6-க்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 ஏறக்குறைய கால். சார்ஜரில் முழுக்க ஏற்றிய பிறகும் 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் போய்விட்டது, ஏனென்றால் செல் ஒன்றுக்கு 2.1 வோல்ட். மூடி திறக்கும் பேட்டரியில், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். ஒரு செல்லின் அடர்த்தி அளவு மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாக இருந்தால் அந்த பேட்டரியை நம்ப வேண்டாம்.

முழு சார்ஜில் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

* * *

மேலே சொன்னதெல்லாம் சரி. சார்ஜிங் பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்ஜினை 1500–2000 ஆர்.பி.எம்-இல் வைத்து, ஹெட்லைட்டும் புளோயரும் ஓட, பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-க்கு மேல் போனால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதித்துத் தண்ணீர் சீக்கிரம் சீக்கிரம் குறைவது இதனால்தான்.

சார்ஜ் குறைவு என்றதும், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடாதீர்கள். வேனில் பேட்டரி சீட்டுக்கு அடியிலோ பின்பக்கமோ இருந்தால் கேபிள் நீளம் அதிகம், இழப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். அதே லோடில் மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரில் சார்ஜ் வெளியே வரும் பி பிளஸ் போல்ட்டிலும் இன்னொன்றை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் தடை இருக்கிறது. அடுத்து இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் அளங்கள். அங்கே 0.2-க்கு மேல் வரக்கூடாது. வெளியே கேபிள் நன்றாகத்தான் தெரியும். கேபிள் முனையிலுள்ள லக் பக்கத்தில் உறையை ஒரு அங்குலம் கீறிப் பார்த்தால், உள்ளே செம்பு கறுத்து, தொட்டால் பச்சைப் பொடியாக உதிரும். அப்படியானால் லக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, கேபிளையே மாற்றுங்கள்.

இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால், பாடியோடு அதற்கு எர்த் தருவது ஒரு பின்னல் பட்டைதான். அது அறுந்தால் செல்ஃப் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்ததும் அந்தக் கேபிள் சுட்டால் சந்தேகமே வேண்டாம். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒரு ஜம்பர் கேபிள் போட்டு அடித்துப் பாருங்கள். சுறுசுறுப்பாகச் சுற்றினால் எர்த்தான் குற்றவாளி.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா" என்று பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வோல்ட் எகிறி, ஆல்டர்னேட்டருக்குள் ஏ.சி-யை டி.சி-யாக மாற்றும் டயோடும் ரெகுலேட்டரும் சேர்ந்து போகும்.

* * *

டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் விளக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய ஆல்டர்னேட்டர் பலவற்றில் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் ஃபீல்டுக்கு (உள்ளே சுற்றும் காந்தச் சுருளுக்கு) முதல் கரண்ட் போகிறது. பல்பு பியூஸ் போனால் ஆல்டர்னேட்டர் விழிக்காது, அல்லது நன்றாக ரேஸ் கொடுத்த பிறகே விழிக்கும். சாவியை ஆன் செய்ததும் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் விளக்கிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு வரும் டி பிளஸ் ஒயரைக் கழற்றி எர்த்தில் தொடுங்கள். எரிந்தால் ஒயரும் பல்பும் சரி, ஃபீல்டுக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் அல்லது ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். பல்பை மாற்றினால் அதே வாட்டில் சாதாரண பல்புதான் போட வேண்டும். எல்.இ.டி போட்டால் கரண்ட் போதாது.

ஓடும்போது விளக்கு மங்கலாக எரிந்தால் டயோடை சந்தேகப்படலாம். மீட்டரை ஏ.சி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வையுங்கள். 0.1-க்குள் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தொட்டால் டயோடு போய்விட்டது.

டீசல் வேன்காரர்கள் கவனிக்க: பிரேக் வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும் மாடல்களில் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங்குக்குப் போகும். கார்பன் தூளோடு சேர்ந்து கறுப்புச் சேறாகி, பிரஷ் தன் கூட்டுக்குள் ஒட்டி நின்றுவிடும். சீலை மாற்றாமல் பிரஷ் மட்டும் மாற்றினால் அந்த வேலை நிலைக்காது.

* * *

சார்ஜும் சரி, பேட்டரியும் சரி, ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் இறங்குகிறது என்றால் எங்கோ கசிவு. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துப் பாருங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் பியூஸ் போகும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் ஓடினால் நாளுக்கு 12 ஆம்பியர் அவர், அதாவது 60 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு.

பியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை உருவும்போது அளவு சரிகிறதோ அந்த வழியில் தேடுங்கள். வேனில் அதிகம் மாட்டுவது பின்கதவு விளக்கின் சுவிட்ச், நேரடியாக இழுத்த ஸ்டீரியோ ஒயர், இரண்டாம் பேட்டரி இருந்தால் முனை ஒட்டிப்போன அதன் ரிலே. எல்லா பியூஸையும் உருவியும் அளவு குறையவில்லையா? மீட்டரை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கழன்றிருக்கும் அந்த நிலையிலேயே ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் ஒயரைக் கழற்றி டேப் சுற்றுங்கள், பிறகு மறுபடி அளங்கள். கசிவு நின்றால் அது டயோடு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.