பொருள்: கட்டடத் தீ எச்சரிக்கை உணரி வலையில் 'ஹாப்' – தமிழில் என்ன?

நண்பர்களே,

நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் உணரி (சென்சர்), கணு (வலையில் உள்ள ஒவ்வொரு கருவியும், 'நோட்'), கம்பியில்லா உணரி வலையமைப்பு: இந்த மூன்றிலும் சண்டை இல்லை. இடறுவது 'ஹாப்'தான், அதாவது செய்தி ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் போகும் ஒவ்வொரு கட்டமும்.

> 'தாவல்' போதாதா? 'மல்ட்டிஹாப்' என்றால் பல்தாவல்.

போதாது என்பேன். உலாவியில் 'டேப்' என்பதற்கு ஏற்கெனவே தாவல் என்று போட்டுவிட்டார்கள். அதைவிடப் பெரிய குறை, செய்தி தானாகவே குதித்துப் போவதுபோல் அது தொனிக்கிறது. நான்காம் மாடியில் புகையை உணரும் கணுவின் அலை கீழே கட்டுப்பாட்டு அறைவரை எட்டாது. 802.15.4 என்ற குறைந்த மின்சக்திக் கம்பியில்லாத் தரத்தில் இயங்கும் சின்ன ரேடியோவுக்குக் கட்டடத்துக்குள் சில பத்து மீட்டர்தான் வீச்சு. கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தால் அதுவும் சுருங்கும். அதனால் பக்கத்துக் கணு வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கிறது. கொடுக்கிற ஒவ்வொரு கணுவுக்கும் பேட்டரி செலவு, செய்திக்குக் கொஞ்சம் தாமதம். நடுவில் ஒன்று தீயில் கருகினால் மற்றவை வேறு வழி பிடிக்கும். அந்த வழி சுற்றுவழியாக இருந்தால் ஹாப் கூடும், தாமதமும் கூடும். தீயணைப்புக்கு அந்தக் கணக்குதான் முக்கியம். ஆகவே 'வாங்கிக் கொடுத்தல்' சொல்லிலேயே தெரிய வேண்டும்.

'கைமாற்று' அழகுதான். ஆனால் 'நான்கு கைமாற்று' என்று எழுதினால், நாலு பேரிடம் கடன் வாங்கியதாகத்தான் படிப்பார்கள்.

என் பரிந்துரை 'அஞ்சல்'. இலங்கையில் ரிலே ஓட்டத்துக்கு அஞ்சலோட்டம் என்றே பெயர். கோலை வாங்கி அடுத்தவர் கையில் கொடுப்பது. ரிலே செய்யும் கணு அஞ்சற்கணு, மல்ட்டிஹாப் பல்லஞ்சல், ஹாப் கவுண்ட் அஞ்சலெண்.

---

மறுமொழி:

ஐயா, விளக்கம் சரி, சொல்தான் இடிக்கிறது. அஞ்சலெண் என்றால் பின்கோடு. பல்லஞ்சல் என்றால் பல் டாக்டரைக் கண்டு அஞ்சுவது! ஃபயர் அலாரம் பொருத்துகிற எங்களுக்கு வாயில் வருவது 'நாலு கை மாறி வருது' என்பதுதான். அதையே 'கைமாற்றம்' ஆக்கினால் கடன் வாடை போய்விடும். 'நான்கு கைமாற்றத்தில் செய்தி வந்தது' என்று அறிக்கையிலும் எழுதலாம். அஞ்சற்கணுவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது நன்றாக இருக்கிறது.

அப்புறம், வரைவுப் பட்டியலில் 'சிங்க்' என்பதற்கு 'மூழ்கி' என்று இருக்கிறதே, அதை முதலில் எடுங்கள். எல்லாத் தகவலும் வந்து சேரும் கணு அது. 'சேர்கணு' போதும்.