சேஜில் டிராபிகல் அரைவளையம் எழுதும்போது எங்கே இடறும்? அனுபவப் பகிர்வு

முதல் பதிவு
சேஜ் என்பது பைத்தான் மொழியில் இயங்கும் கணித மென்பொருள். அரைவளையம் என்பது கூட்டலும் பெருக்கலும் உண்டு, ஆனால் கழித்தல் இருக்க வேண்டியதில்லை என்ற அமைப்பு. டிராபிகல் அரைவளையத்தில் கூட்டல் என்பது இரண்டில் சிறியதை எடுப்பது. பெருக்கல் என்பது வழக்கமான கூட்டல். அதனால் கூட்டல் சமனி முடிவிலி, பெருக்கல் சமனி 0. கூட்டலுக்கு நேர்மாறு கிடையாது. கேட்டகரியை (இது எந்த வகைக் கணித அமைப்பு என்று சேஜுக்குச் சொல்வது) வளையம் என்று கொடுத்துவிட்டால் இல்லாத கழித்தலையும் சேஜ் எதிர்பார்க்கும். அரைவளையம் என்றே கொடுங்கள்.

அமைப்புக்குப் பேரன்ட், உறுப்புக்கு எலிமென்ட் என்று இரண்டு கிளாஸ். உறுப்பின் செயல்களை _ஆட்_ (_add_), _மல்_ (_mul_) என ஒற்றை அடிக்கோட்டுப் பெயரில் எழுத வேண்டும். இரட்டை அடிக்கோட்டில் எழுதினால் சேஜின் கோயர்ஷன் (வேறு வேறு வகை உறுப்புகளைத் தானாக ஒரே வகைக்கு மாற்றும் ஏற்பாடு) ஓடவே ஓடாது. இரண்டு உறுப்புகளும் ஒரே பேரன்ட்டைச் சேர்ந்தவையா என்று பார்க்கும் இடமே அதுதான்.

பதில்
இதோடு ஒன்று. புது உறுப்பு உருவாக்கும்போது நீங்கள் எழுதிய கிளாஸை நேரடியாகக் கூப்பிடாதீர்கள், பேரன்ட்டின் எலிமென்ட்_கிளாஸ் வழியாகப் போங்கள். கேட்டகரி தரும் மெத்தட்கள் அதில்தான் கலந்திருக்கும். யூனிக்ரெப்ரசென்டேஷன் (ஒரே அளவுருக்களுக்கு ஒரே பேரன்ட்டையே திரும்பத் தரும் கிளாஸ்) பயன்படுத்தினால் அளவுருவாக லிஸ்ட் தர முடியாது, ஹாஷ் செய்ய முடியாதென்று பிழை வரும். டியூப்பிளாக மாற்றிக் கொடுங்கள்.

பதில்
நண்பர்களே, பெரிய குழி கோயர்ஷனில்தான் இருக்கிறது. முழு எண்ணிலிருந்து தானாக மாறட்டும் என்று _கோயர்ஸ்_மேப்_ஃப்ரம்_ (_coerce_map_from_) மெத்தடில் உண்மை என்று திருப்பினால், பைத்தானின் சம் (sum) 3, 5 இரண்டையும் கூட்டி 0 என்று சொல்லும். சம் தொடங்குவது முழு எண் 0-வில். அது இங்கே வந்ததும் பெருக்கல் சமனி ஆகிவிடுகிறது. 0, 3, 5-இல் சிறியது 0. பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பு! 2+3 முழு எண்களில் 5, இங்கே 2. செயலைக் காக்காத மாற்றத்தைக் கோயர்ஷனாக அறிவிப்பதே தவறு. வெளிப்படையாகக் கேட்டால் மாற்றிக் கொடுங்கள், அது போதும். கூட்டுத்தொகைக்குப் பேரன்ட்டின் சொந்த சம் இருக்கிறது, அது முடிவிலியில் தொடங்கும்.

திருத்திய பிறகும் பழைய விடையே வருகிறதா? கோயர்ஷன் மேப்களைச் சேஜ் சேமித்து வைக்கும். செஷனை மூடித் திறந்து பாருங்கள்.

பதில்
சேஜின் தானியங்கிச் சோதனையான டெஸ்ட்சூட் பச்சை காட்டியதும் நம்பிவிட வேண்டாம். சம்_எலிமென்ட்ஸ் (some_elements, சோதிக்க வேண்டிய உறுப்புகளைத் தரும் மெத்தட்) எழுதாவிட்டால் அது ஒரே ஒரு உறுப்பை வைத்துத்தான் சோதிக்கும். முடிவிலி, 0, ஓர் எதிர்ம எண், ஒரு பின்னம் நான்கையும் அதில் போடுங்கள். சேர்ப்புப் பண்பு, பங்கீட்டுப் பண்பு எல்லாம் அப்போதுதான் உண்மையாகச் சோதிக்கப்படும். முதலில் சிக்குவது பெரும்பாலும் முடிவிலியைப் பெருக்கும் வரிதான்.