சர்பத் மெஷின்: ஒரே நேரம் திறந்தாலும் பாணி வேறு வேறு அளவாக விழுகிறது, என்ன செய்யலாம்?

கடையடித் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் அண்ணாவுக்கு ஒரு சின்ன சர்பத் கடை இருக்கிறது. பின்னேரம் காலி வீதியில் ஆள் கூடிவிட்டால் அவர் ஒருவரால் சமாளிக்க முடியாது, அவசரத்தில் ஒரு கிளாசுக்குப் பாணி (சீனிப்பாகு) கூடும், அடுத்ததுக்குக் குறையும், வழக்கமாக வருகிறவர்கள் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் பாணியையும் குளிர்தண்ணீரையும் தானாக ஊற்றித் தருகிற ஒரு மெஷின் செய்து கொடுக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

இப்போது இருப்பது இதுதான்: ரோஸ், நன்னாரி, தேசிக்காய் என்று மூன்று பாணிக்கும் மூடி போட்ட மூன்று வாளிகள், கிளாஸ் வைக்கிற இடத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். ஒவ்வொன்றின் கீழும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய அரை அங்குல 12 வோல்ட் சொலனாய்ட் வால்வு, அதாவது கம்பிச் சுருளில் மின்சாரம் விட்டால் திறக்கிற வால்வு. ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு ஒன்று ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாக வால்வைத் திறந்து மூடுகிறது. ஒரு கிளாசுக்கு 30 மில்லிலீற்றர் பாணி வேண்டும், அதற்கு மூன்று செக்கன் என்று நேரம் வைத்திருக்கிறேன்.

வாளி நிறைந்திருக்கும்போது சரியாக வருகிறது. வாளி இறங்க இறங்க அளவு குறைந்துகொண்டே போகிறது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பாணியை ஊற்றினால் இன்னும் மோசம். அதோடு வால்வு மூடிய பிறகும் சொட்டுச் சொட்டாக விழுகிறது, சில வேளை சொன்னவுடன் திறப்பதும் இல்லை. புரோகிராமில் நேரத்தை மில்லிசெக்கன் கணக்கில் மாற்றிப் பார்த்தும் பிடிபடவில்லை. விலை கூடிய வால்வு வாங்கத்தான் வேண்டுமா?

சுருள்கம்பி

தம்பி, காசு செலவழிக்க முதல் அந்த வால்வின் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 0.02-0.8 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) என்று இருந்தால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே இருக்கிறது. நான் ஹோட்டல்களில் குளிர்பான மெஷின் திருத்துகிறவன், இந்த வால்வை வைத்துக்கொண்டு தவிக்கிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அது வோஷிங் மெஷினுக்குத் தண்ணீர் விடுகிற வால்வு. உள்ளே ஒரு இறப்பர் சவ்வு இருக்கும். சுருள் தூக்குவது சவ்வை அல்ல, அதன் நடுவில் இருக்கிற ஊசித் துளையின் மூடியை மட்டும்தான். சவ்வைத் தூக்குவதும் அழுத்தி மூடுவதும் குழாய்த் தண்ணீரின் அழுத்தம். அந்த 0.02 என்பது அதற்கு வேண்டிய ஆகக் குறைந்த அழுத்தம், தண்ணீர்க் கணக்கில் இரண்டு மீற்றர் உயரம். உங்கள் ஒன்றரை அடியில், பாணியின் கனத்தையும் சேர்த்தாலும், 0.006க்குக் கிட்டத்தான் வரும். சவ்வு அரைகுறையாகத் திறக்கிறது, அரைகுறையாக மூடுகிறது. சொட்டுவதற்கும் சொன்னபடி திறக்காததற்கும் அதுதான் காரணம். மென்பொருளில் என்ன செய்தாலும் இது சரிவராது.

அழுத்தம் பூச்சியத்திலிருந்தே வேலை செய்கிற, சுருள் நேரடியாக இழுத்துத் திறக்கிற வகை இருக்கிறது, ஆகக் குறைந்த அழுத்தம் 0.02 அல்ல, வெறும் 0 என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பாணிக்கு அதைவிட நல்லது ரியூப்பை வெளியிலிருந்து நசுக்கி மூடுகிற வால்வு. பாணி சிலிக்கோன் ரியூப்புக்குள் மட்டும்தான் ஓடும், வால்வின் எந்தப் பாகத்திலும் படாது, ரியூப்பைக் கழற்றிக் கழுவலாம், பழுதானால் ஒரு முழம் வெட்டி மாற்றலாம். பித்தளை வால்வைத் தேசிக்காய்ப் பாணிக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம், புளிப்பு உலோகத்தை அரிக்கும், அதிலிருக்கிற ஈயமும் கரைந்து வரும்.

மொறட்டுவைப் பொடியன்

சுருள்கம்பி அண்ணா சொன்னது சரி, ஆனால் வால்வை மாற்றினாலும் வாளி இறங்க அளவு குறைவது நிற்காது. 30 மில்லிலீற்றர் மூன்று செக்கனில் என்றால் செக்கனுக்குப் பத்து. வால்வு மூடுவதில் 20 மில்லிசெக்கன் முந்தினாலும் பிந்தினாலும் வித்தியாசம் 0.2 மில்லிலீற்றர், அது நாக்குக்கே தெரியாது. அதனால் மில்லிசெக்கனைத் திருத்துவதில் பயன் இல்லை. மாறுவது ஓட்டத்தின் வேகம்.

வேகம் இரண்டு காரணத்தால் மாறுகிறது. ஒன்று உயரம். நீளமான சின்னக் குழாயில் தடித்த பாணி ஓடும்போது வேகம் உயரத்தோடு நேராகக் குறையும், பாணியின் மட்டம் 45 சென்ரிமீற்றரிலிருந்து 15க்கு இறங்கினால் வேகமும் மூன்றில் ஒன்றாகிவிடும். தண்ணீர் என்றால் இவ்வளவு மோசமாகாது, பாதிக்குச் சற்று மேலே நிற்கும். மற்றது வெப்பம். நூற்றுக்கு 65 பங்கு சீனி உள்ள பாணி 20 பாகையில் தண்ணீரைவிட நூறு மடங்குக்கு மேல் தடிப்பு, 30 பாகைக்கு வந்தால் அந்தத் தடிப்பு ஏறக்குறையப் பாதியாகும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பாணியும் மத்தியான வெயிலில் மேசையில் இருந்த பாணியும் உங்கள் வால்வுக்கு இரண்டு வேறு திரவங்கள்.

உயரப் பிரச்சினைக்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மரியொட் என்ற பிரெஞ்சு இயற்பியலாளரின் பெயரில் சொல்லப்படுகிற போத்தல். வாளியின் மூடியைக் காற்றுப் புகாமல் இறுக்கி, மூடி வழியாக ஒரு குழாயை அடிவரைக்கும் இறக்கி விடுங்கள், காற்று அதன் வழியாக மட்டும் உள்ளே வரவேண்டும். அப்போது பாணியைத் தள்ளுகிற உயரம் அந்தக் குழாயின் கீழ் நுனியிலிருந்து கணக்கு, மேலே எவ்வளவு பாணி இருக்கிறது என்பது பொருட்டில்லை. வாளி நிறைந்திருந்தாலும் நுனி வரைக்கும் இறங்கினாலும் ஒரே வேகம். நுனி கீழே இருப்பதால் வேகம் முன்னையதைவிடக் குறையும், அதனால் வாளியைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். மூடியில் ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் வேலை செய்யாது.

வெப்பத்துக்கு அது உதவாது. அதற்கு விழுந்ததை அளக்கத்தான் வேண்டும்.

கடையடித் தம்பி

இரண்டு பேருக்கும் கனக்க நன்றி. வால்வில் 0.02 என்றுதான் இருக்கிறது. அளப்பதற்கு என்னிடம் வைஎஃப்-எஸ்201 ஓட்ட சென்சர் (உள்ளே சக்கரம் சுழலச் சுழல மின் துடிப்புத் தருவது) ஒன்று சும்மா கிடக்கிறது, அதைப் பாணிக் குழாயில் போட்டால் சரிவருமா?

மொறட்டுவைப் பொடியன்

பாணிக்குச் சரிவராது. அது நிமிடத்துக்கு 1 முதல் 30 லீற்றர் வரைக்கும் என்று செய்யப்பட்டது, உங்கள் ஓட்டம் 0.6 லீற்றர். ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 450 துடிப்புத்தான் தரும், அப்படியென்றால் 30 மில்லிலீற்றருக்குப் பதின்மூன்று, பதினான்கு துடிப்பு. தடித்த பாணியில் அந்தச் சக்கரம் சுழன்றாலே பெரிய காரியம். பம்பினால் தள்ளுகிற குளிர்தண்ணீர்ப் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாணிக்குத் தராசுதான் என் முடிவு. கிளாஸ் வைக்கிற தட்டின் கீழே எடையை உணர்கிற ஒரு லோட் செல், அதை எண்ணாக்கித் தருகிற எச்எக்ஸ்711 போர்டு, இரண்டும் சேர்த்துப் பெரிய விலை இல்லை. ஒரு தராசு எல்லாப் பாணிக்கும் போதும், ஒன்றன் பின் ஒன்றாக ஊற்றினால் சரி. கவனிக்க வேண்டியது, அந்தப் போர்டு பெரும்பாலும் செக்கனுக்குப் பத்து முறை அளக்கும்படிதான் இணைத்து வருகிறது. உங்கள் ஓட்டத்தில் இரண்டு அளவைக்கு நடுவே ஒரு மில்லிலீற்றர் விழுந்துவிடும். ரேட் என்று போட்டிருக்கிற இணைப்பு ஊசியைப் போர்டின் பிளஸ்ஸுக்கு மாற்றினால் எண்பது முறை அளக்கும்.

இனிதான் முக்கியமானது. வால்வை மூடச் சொன்ன பிறகும் வால்வுக்கும் கிளாசுக்கும் நடுவே காற்றில் இருக்கிற பாணி விழத்தான் செய்யும். அதனால் இலக்குக்குக் கொஞ்சம் முந்தியே மூடவேண்டும். எவ்வளவு முந்தி என்பதை மெஷினே கற்றுக்கொள்ளட்டும்: ஊற்றி முடிந்து ஒரு செக்கன் பொறுத்து எடையைப் பார், கூடியிருந்தால் அடுத்த முறை அதில் ஒரு பங்கு முந்தி மூடு, குறைந்திருந்தால் பிந்தி மூடு. ஒவ்வொரு பாணிக்கும் தனித்தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு செய்து பார்த்தது இது, வெயில் ஏறினாலும் இறங்கினாலும் தானாகச் சரிசெய்துகொண்டு போகிறது, பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். பிளெண்டரை மட்டும் அதே மேசையில் ஓட விடாதீர்கள், மேலே இருக்கிற மின்விசிறியின் காற்றும் தட்டில் படக்கூடாது.

கொட்டாஞ்சேனை அக்கா

தம்பிமார் எல்லாம் மெஷினைப் பற்றிக் கதைக்கிறீர்கள், பாணியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. நான் வீட்டில் பாணி காய்ச்சிக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒரு நாள் காய்ச்சின பாணியும் மறுநாள் காய்ச்சினதும் ஒரே சீனிப் பதத்தில் இல்லையென்றால் உங்கள் தராசு எவ்வளவு துல்லியமாக அளந்தும் ருசி மாறும். கையில் பிடித்து ஒரு துளி விட்டுப் பார்க்கிற பிரிக்ஸ் மானி (நூற்றுக்கு எத்தனை பங்கு சீனி என்று காட்டுவது) ஒன்று வாங்கி அண்ணாவிடம் கொடுங்கள். ஆறிய பிறகு அளந்து, ஒவ்வொரு முறையும் 65க்குக் கொண்டுவந்த பிறகே வாளியில் ஊற்ற வேண்டும். அந்தப் பதத்தில் ஒரு மில்லிலீற்றர் 1.32 கிராம் வரும், உங்கள் 30 மில்லிலீற்றர் தராசில் 39.6 கிராம். 30 கிராம் என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் சுத்தம். இரவு கடை பூட்டும்போது கிளாசுக்கு மேல் இருக்கிற குழாயின் நுனியில் நிற்கிற பாணி காய்ந்து சீனிக்கல்லாகி அடைக்கும், காலையில் எறும்பு வரிசையாக ஏறி நிற்கும். தினமும் கடைசியாகக் கொதித்தாறின இளஞ்சூட்டுத் தண்ணீரைக் குழாய் வழியாக விட்டு, நுனியைத் துடைத்து மூடி வையுங்கள். கசகசாவும் சேமியாவும் வால்வுப் பக்கமே வரக்கூடாது, அவை கரண்டிக்குரியவை. பாலையும் இதில் சேர்க்க நினைக்காதீர்கள், கொழும்பு வெக்கையில் குழாய்க்குள் தங்குகிற பால் கெட்டுப்போக ஒரு பின்னேரமே போதும்.

சுருள்கம்பி

அக்கா சொன்னதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வயரிங் பற்றி நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரிலேயை விட்டு மொஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்சுக்கு மாறுங்கள், ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற 1என்4007 டயோட் ஒன்று போடுங்கள், பட்டை உள்ள பக்கம் பிளஸ்ஸுக்கு. இல்லாவிட்டால் சுருளை நிறுத்துகிற நேரம் எழும்புகிற மின்னழுத்தம் மொஸ்ஃபெட்டைக் கொல்லும், ஈஎஸ்பியும் நடுவில் நின்று திரும்பத் தொடங்கும். டயோட் போட்டால் வால்வு மூடுவது கொஞ்சம் பிந்தும், ஆனால் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே அளவு பிந்துவதால் பொடியன் சொன்ன முறையில் அதுவும் கணக்கில் அடங்கிவிடும். வால்வை நுனிக்குக் கிட்ட வையுங்கள், நடுவில் இருக்கிற குழாய் நீளம் முழுதும் பிறகு சொட்டும்.

கடையடித் தம்பி

விளங்கிவிட்டது அண்ணா. கடைசியாக ஒன்று: என் அண்ணாவின் கடையில் கிளாஸ் எல்லாம் ஒரே எடை இல்லை, சிலது ஈரத்தோடும் வரும். அதற்கு என்ன செய்வது?

மொறட்டுவைப் பொடியன்

கிளாசை வைத்தவுடன் எடை அரைச் செக்கன் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து அங்கேயே பூச்சியமாக்கிவிடுங்கள், அதற்குப் பிறகே வால்வு திறக்க வேண்டும். ஊற்றும்போது எடை திடீரென்று குறைந்தால் யாரோ கிளாசைத் தூக்கிவிட்டார்கள் என்று அர்த்தம், உடனே எல்லா வால்வையும் மூடச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.