குறைந்த ஒளியில் படமெடுக்கும் கேமரா: ஆயிரம் மடங்கு உணர்திறன் சாத்தியமா?

காட்டோரம்:
வணக்கம். சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டோரத்தில் இரவில் நடமாடும் மரநாய்களை ஃபிளாஷ் ஒளியால் மிரளவைக்காமல் படமெடுக்க விரும்புகிறேன். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிராஃபீனால் (ஓர் அணு தடிமனே கொண்ட கரிமத் தாள்) உருவாக்கிய ஒளி உணரி 1,000 மடங்கு உணர்திறன் கொண்டது என்று 2013இல் செய்திகள் வந்தன. பிறகும் கேமராக்கள் சிலிக்கானையே நம்பியிருப்பது ஏன்?

குறைகடத்தி:
அந்த ஆய்வுக் கட்டுரை கூறும் 1,000 மடங்கு, முந்தைய தூய கிராஃபீன் உணரிகளோடு ஒப்பிட்ட கணக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளி முதல் நடு அகச்சிவப்பு வரை ஒரே பொருள் உணர்கிறது என்பதே அதன் உண்மையான சிறப்பு. சிலிக்கானோ தன்மீது விழும் பச்சை ஒளித்துகள்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஏற்கெனவே எலக்ட்ரான்களாக மாற்றிவிடுகிறது. பின்புறமாக ஒளியேற்கும் ஆய்வுக்கூட உணரிகளில் அது 90 விழுக்காட்டைத் தாண்டும். தேர்வில் ஐம்பது வாங்கியவர் ஆயிரம் மடங்கு முன்னேற இடமேது?

ஆகவே பொறியாளர்களின் போராட்டமெல்லாம் இரைச்சலோடுதான், அதாவது படத்தைப் பொரிப்பொரியாகக் காட்டும் தாறுமாறான ஏற்ற இறக்கத்தோடுதான். ஒரு படப்புள்ளியில் சராசரியாக 9 ஒளித்துகள்கள் பதிவானால், ஒளியின் இயல்பாலேயே அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 3 கூடும் அல்லது குறையும். எந்த மின்சுற்றாலும் அதை நீக்க இயலாது. நீக்கக்கூடியது, மின்னூட்டத்தை அளக்கும்போது சுற்று தானாகச் சேர்க்கும் வாசிப்பு இரைச்சல் மட்டுமே. இஎம்சிசிடி எனப்படும் ஆய்வுக்கூட உணரிகள் வாசிப்பதற்கு முன்பே எலக்ட்ரான்களைப் பெருக்கி அதை வென்றன. ஆனால் அந்தப் பெருக்கம் சீரற்றது என்பதால், வந்த ஒளியில் பாதியை இழந்ததற்கு ஒப்பான விலையைக் கொடுத்தன. ஜப்பானின் ஹமாமட்சு நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஓர்கா குவெஸ்ட் கேமரா, அப்படிப் பெருக்காமலேயே வாசிப்பு இரைச்சலை 0.27 எலக்ட்ரானாகக் குறைத்து, ஒளித்துகள்களை எண்ணும் நிலைக்கு வந்துவிட்டது.

ஈரக்காற்று:
வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒளியே இல்லாதபோதும் சிலிக்கானில் கசியும் இருள் மின்னோட்டம், வெப்பநிலை 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. குளிர்விக்கலாம் என்றாலோ, சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் உணரியின் மேல் நீர் படியும். ஆய்வுக்கூடக் கேமராக்களில் உணரியை வெற்றிடக் கூட்டுக்குள் அடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நெடுநேரம் ஒளியேற்றி நட்சத்திரங்களைப் படமெடுப்போருக்கு இந்த மின்னோட்டம் பெரும் தலைவலி. மரநாயைப் படமெடுக்க நீங்கள் ஒளியேற்றப்போவது நொடியில் சிறு பகுதிதான் என்பதால் உங்களுக்குப் பொருட்டல்ல.

காட்டோரம்:
நன்றி. அப்படியானால் ஐஎஸ்ஓவை (கேமராவின் உணர்திறன் அமைப்பை) உயர்த்துவதில் பயனில்லையா?

குறைகடத்தி:
அது கிடைத்த சமிக்ஞையைப் பெருக்குமே தவிர, ஒளியைக் கூட்டாது. கேனன் 2015இல் அறிவித்த எம்இ20எஃப்-எஸ்எச் கேமராவின் ஐஎஸ்ஓ 40 இலட்சத்தைத் தாண்டியது. அதற்காக அவர்கள் ஒவ்வொரு படப்புள்ளியையும் 19 மைக்ரான் அகலத்துக்குப் பெரிதாக்கி, முழு எச்டி தெளிவோடு நிறுத்திக்கொண்டார்கள். உங்கள் பணத்தை முதலில் லென்ஸில் போடுங்கள்: எஃப் 1.4 லென்ஸ், எஃப் 2.8ஐவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும்.