பிள்ளையார் பால் குடித்த நாளில் படித்தவர் யாரும் போகவில்லையாம்!

சீர்காழியான்: நேற்று வெண்டைக்காய் எழுதியிருந்தார்: "1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஓடியது படிக்காத கூட்டம்." படித்ததிலிருந்து எரிச்சல். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் என் கல்லூரி இயற்பியல் பேராசிரியர். நானும் ஸ்பூனை நீட்டினேன். பால் குறைந்தது.

வெண்டைக்காய்: குறையாமல்? அரசு விஞ்ஞானிகள் டெல்லியில் பாலில் சாயம் கலந்து காட்டினார்களே! பரப்பு இழுவிசை பாலைக் கல்லுக்கு இழுக்கிறது, பிறகு அது மெல்லிய படலமாகக் கீழே வழிகிறது. ஈரக் கருங்கல்லில் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் ஸ்பூனைச் சாய்த்தீர்கள்.

சீர்காழியான்: நான் சாய்க்கவில்லை.

வெண்டைக்காய்: சாய்த்தீர்கள். உங்களுக்கே தெரியாமல்.

மங்களம் மாமி: அன்று சென்னையில் எங்கள் தெருவில் சாயங்காலக் காபிக்குச் சொட்டுப் பால் இல்லை. அதைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா?

வெண்டைக்காய்: 1995-ல் ஏது சென்னை? மெட்ராஸ். பெயர் மாறியது 1996-ல்.

மங்களம் மாமி: தமிழில் என்றைக்கும் சென்னைதான், தம்பி. உங்கள் வீட்டில் எந்த மொழி?

ஒற்றைக்கொம்பன்: விடுங்கள் மாமி, அவர் எப்போதும் இப்படித்தான். போன மாதம் வாஸ்து பார்த்து வாசலை இடித்துக் கிழக்கே வைத்தேன் என்று எழுதியதும் இதே பகுத்தறிவுச் சிங்கம்தான்.

வெண்டைக்காய்: அது வீட்டில் அவள் நிம்மதிக்காக. எனக்கு நம்பிக்கை கிடையாது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

ஒற்றைக்கொம்பன்: அன்று வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் இதையேதான் சொன்னார்கள். "அம்மா கூப்பிட்டாள், வந்தேன்." நம்புகிறவன் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரன்தான் போலிருக்கிறது.

வெண்டைக்காய்: பேச்சை மாற்ற வேண்டாம். ஸ்பூன் சாய்ந்ததா இல்லையா?

சீர்காழியான்: சாயவில்லை ஐயா! பேராசிரியரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வெண்டைக்காய்: பரப்பு இழுவிசை தெரியாதவர் என்ன பேராசிரியர்? எந்தக் கல்லூரி அது?

சீர்காழியான்: என் ஆசிரியரைப் பற்றி மரியாதையாகப் பேசவும். 2019-ல் இவர் என் கவிதையைக் கிழித்ததையே நான் இன்னும் மறக்கவில்லை.

வெண்டைக்காய்: அது கவிதையா? சரி, அதுவும் இருக்கட்டும். நான் நூறு தடவை சோதித்திருக்கிறேன், சமையலறை அம்மிக் குழவியில். குழவியும் குடித்தது. சாய்க்காமல் இறங்கவே இறங்காது.

மங்களம் மாமி: நம்பிக்கை இல்லாதவர் எதற்குத் தம்பி நூறு தடவை பார்த்தீர்கள்?

வெண்டைக்காய்: மாமி, கேள்வி அதில்லை. ஸ்பூன். சாய்ந்ததா, இல்லையா?