இழை: அண்டர்டாக், அப்செட் – வெள்ளிக்குள் தமிழ் வேண்டும்

நெல்லைக்காரி:

குழுமத்தாருக்கு வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சின்ன அணிகள் பெரிய அணிகளைச் சாய்த்த கதைகளைச் சொல்லும் விவரணப்படம் ஒன்றுக்கு வசனவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை கோப்பு போயாக வேண்டும். அண்டர்டாக் (தோற்கும் என்று எல்லாரும் எதிர்பார்க்கும் அணி), அப்செட் (அப்படிப்பட்ட அணி வென்றுவிடுவது) என்ற இரண்டு சொற்களில் வண்டி நிற்கிறது. மூச்சுக்கு மூச்சு அவைதான் வருகின்றன.

'பலவீனமான அணி' ஒத்துவராது. 2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகனை 34-32 என்று தோற்கடித்த ஆப்பலாச்சியன் ஸ்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2005, 2006 இரண்டு ஆண்டும் தன் பிரிவில் தேசிய சாம்பியன். அதில் பலவீனம் எங்கே இருக்கிறது? ஆனால் அது ஒரு படி கீழே உள்ள பிரிவு. மிச்சிகனோ தரவரிசையில் ஐந்தாவது. அதன் அரங்கில் 1,09,000-க்கு மேல் கூட்டம். வந்து ஆடிவிட்டுப் போக ஆப்பலாச்சியனுக்கு 4 லட்சம் டாலர் கொடுத்திருந்தார்கள். அடி வாங்குவதற்கான கூலி என்றுதான் ஊரே நினைத்தது. இதையெல்லாம் உள்ளடக்கிய சொல் வேண்டும், அதுவும் குட்டையாக. ஒரு வரிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

தஞ்சையான்:

அம்மா, நாய்ச்சண்டையில் அடியில் கிடக்கும் நாயிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல் அது. நாய்க்கு நம்மிடம் பஞ்சமா? ஞமலி, ஞாளி இரண்டும் சங்கப் பாட்டில் உள்ளவை. ஞமலி பூழிநாட்டு வழக்கு என்று உரைகாரர்கள் திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுவார்கள். பூழிநாடு எது என்பது தனிக் கதை. அது குறித்து நான் முன்னரே இங்கு எழுதிய நீண்ட மடலை அன்பர்கள் தேடிப் படிக்கலாம். என் பரிந்துரை: கீழ்ஞமலி.

கொங்கன்:

ஐயா, கீழ்ஞமலி என்று நான் தலைப்புப் போட்டால் அடுத்த நாள் எனக்கு மேசை இருக்காது.

நாளிதழ் விளையாட்டுப் பக்கத்தில் இதற்கெல்லாம் சொல் எப்போதோ வந்துவிட்டது. அண்டர்டாக் என்றால் 'கத்துக்குட்டி'. அப்செட் என்றால் 'அதிர்ச்சி வெற்றி'. தோற்றவன் பக்கம் நின்று எழுதினால் 'அதிர்ச்சித் தோல்வி'. டீக்கடையில் படிப்பவருக்கும் புரிகிறது. இதற்கு ஏன் ஞமலியைக் கூப்பிட வேண்டும்?

நெல்லைக்காரி:

கொங்கன் தம்பி, அதிர்ச்சி வெற்றி சரி, குறித்துக்கொண்டேன். கத்துக்குட்டி என்றால் இப்போதுதான் கற்றுக்கொள்கிறவன் இல்லையா? இரண்டு கோப்பை வாங்கிய அணியை எப்படி அப்படிச் சொல்வது?

வடமராட்சியான்:

ஒரு சின்னச் சந்தேகம். முதல்ல 'கால்பந்து' எண்டு போடுறீங்களே, அது சரியோ? எங்கட பக்கம் உதைபந்தாட்டம் எண்டுதான் சொல்லுவம். இந்த அமெரிக்க ஆட்டத்தில பந்தைக் கையால எறியினம், கக்கத்தில வச்சுக்கொண்டு ஓடினம். காலுக்கும் பந்துக்கும் என்ன உறவு?

நாஷ்வில்வாசி:

உறவு உண்டு அண்ணா, அதுவும் நெல்லைக்காரி அக்கா சொன்ன ஆட்டத்திலேயே. கடைசி அரை நிமிடத்தில் ஆப்பலாச்சியன் உதைத்த பீல்டு கோல்தான் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) 34-32 ஆக்கியது. உடனே மிச்சிகன் நீளமாக ஒரு பாஸ் எறிந்து கிட்டே வந்து, ஆறு விநாடி மிச்சம் இருக்கையில் 37 கஜத்திலிருந்து உதைத்தது. உள்ளே போயிருந்தால் கதை முடிந்திருக்கும். கோரி லிஞ்ச் என்ற தடுப்பாட்டக்காரர் பாய்ந்து பந்தைக் கையால் மறித்தார். ஆக, உதையால் முந்தி, உதையைத் தடுத்து வென்ற ஆட்டம் அது.

வடமராட்சியான்:

அப்ப உதைபந்து எண்ட பேர்தான் இன்னும் பொருத்தம். நன்றி தம்பி.

தஞ்சையான்:

ஞமலி ஒவ்வாதவர்களுக்கு இன்னொன்று. தொல்காப்பியப் புறத்திணையியலில், போர்க்களத்தைப் பாடும் தும்பைத் திணையின் துறைகளுள் 'கூழை தாங்கிய எருமை' என வருகிறது. தன் படை உடைந்த நிலையிலும் பின்வரிசையைத் தாங்கி ஒருவன் தனித்து நின்று பொருவது. அடியில் கிடந்தாலும் விடாமல் பொருதல் என்ற கருத்துக்கு இதைவிட நல்ல இலக்கணச் சான்று ஏது? எருமையர், எருமையணி.

கொங்கன்:

நாயிலிருந்து எருமைக்கு வந்திருக்கிறோம். முன்னேற்றம்தான்.

கலைச்சொல் ஆசிரியை:

நான் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுப்பவள், விளையாட்டு தெரியாது. ஆனால் சொல்லை உயிரினத்திலிருந்து தொடங்காமல் கருத்திலிருந்து தொடங்கலாமே. 'எளியணி' எப்படி? எளிமை என்ற பண்பும் அணியும் சேர்ந்த பண்புத்தொகை. 'எளியோரை வலியோர் அடித்தால்' என்ற பழமொழியால் எளியோர் என்ற சொல் மக்களுக்குப் பழக்கமானதே. எதிரணி 'வலியணி'.

தஞ்சையான்:

எளியணி என்றால் மாணவன் அதை உவமையணி, உருவக அணிக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பான். தண்டியலங்காரத்தில் இல்லாத அணி! வலியணியைச் சொல்லவே வேண்டாம். மூட்டுவலிக்குக் கட்டும் பட்டை போல இருக்கிறது.

கலைச்சொல் ஆசிரியை:

அப்படியானால் 'குறைமதிப்பணி'. குறைத்து மதிக்கப்பட்ட அணி.

தஞ்சையான்:

குறைமதி, பணி. இடையில் பகர ஒற்று. பிரித்துப் பாருங்கள்.

கலைச்சொல் ஆசிரியை:

பார்த்தேன் ஐயா. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நாஷ்வில்வாசி:

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், கொஞ்சம் ஆட்டத்தைப் பற்றியும் பேசலாமா? சொல் சிக்காததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அண்டர்டாக் என்பது அணியின் குணம் இல்லை. அந்த வார ஆட்டத்தில் அதன் நிலை. எங்கள் ஊர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணியையே பாருங்கள். 2024 அக்டோபர் 5 அன்று அலபாமா வந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் ஜார்ஜியாவை 41-34 என வென்று முதலிடத்துக்கு ஏறியிருந்தது. வாண்டர்பில்ட்டோ தரவரிசையில் முதல் ஐந்து இடத்தில் இருந்த அணிகளோடு அதுவரை 60 முறை மோதி, அறுபதிலும் தோற்றது. பந்தயக்காரர்கள் அலபாமா மூன்று டச்டவுனுக்கு, அதாவது 21 புள்ளிக்கு, மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கோடு போட்டிருந்தார்கள். முடிவு 40-35, வாண்டர்பில்ட். ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பிராட்வே தெரு வழியாக ஏறக்குறைய மூன்று மைல் நடந்து கம்பர்லண்ட் ஆற்றில் தள்ளினார்கள். மைதானத்துக்குள் கூட்டம் இறங்கியதற்குப் பல்கலைக்கழகத்துக்கு 1 லட்சம் டாலர் அபராதம்.

அதே வாண்டர்பில்ட் 2025-இல் பத்து ஆட்டங்கள் வென்றது. இப்போது சின்ன கல்லூரி ஒன்று அவர்களோடு ஆட வந்தால் வாண்டர்பில்ட்தான் பேவரிட், அதாவது ஜெயிக்கும் என்று எதிர்பார்க்கப்படும் அணி. எளிய, நொய்ந்த, கற்றுக்குட்டி என்று குணத்தைச் சொல்லும் எதுவும் இதைப் பிடிக்காது. 'எதிர்பார்ப்பு' அல்லது 'வாய்ப்பு' சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்று. அலபாமாவோடு நடந்த அந்த 60 நிமிட ஆட்டத்தில் 42 நிமிடம் பந்து வாண்டர்பில்ட் கையில். அதிர்ஷ்டத்தில் நடந்தது இல்லை. நல்ல அணியோடு நூறு முறை மோதினால் நல்ல அணிதான் அதிகம் வெல்லும். அதனால் மோதலின் எண்ணிக்கையைக் குறைத்துவிட வேண்டும். பந்தை நாமே வைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தால் எதிரிக்குக் கிடைக்கும் முறைகள் குறையும். முறைகள் குறைந்தால் ஒரு கைநழுவல், ஒரு தடுப்பு முடிவையே மாற்றிவிடும். சின்ன அணிப் பயிற்சியாளர்கள் எல்லாரும் அறிந்த கணக்கு இது.

தஞ்சையான்:

தம்பி, நீங்கள் சொன்னதை வள்ளுவர் இடனறிதலின் கடைசிக் குறளில் சொல்லிவிட்டார். 'காலாழ் களரின் நரியடும் கண்ணஞ்சா வேலாள் முகத்த களிறு.' வேல்வீரரையே கொம்பில் கோத்த யானை, கால் புதையும் சேற்றில் நின்றால் நரி கொன்றுவிடும். பந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் சேறு. ஞமலி, எருமை இரண்டையும் விட்டுவிடுகிறேன். அப்செட்டுக்கு 'களிறடல்', யானையைக் கொல்லுதல். அண்டர்டாக் 'களரிநரி' அல்லது வெறும் 'நரியணி'.

நாஷ்வில்வாசி:

ஐயா, அலபாமா அணியின் சின்னமே யானைதான்! பிக் அல் என்று யானை வேடம் போட்டு ஒருவர் மைதானத்தில் ஆடுவார்.

தஞ்சையான்:

பார்த்தீர்களா.

கொங்கன்:

மிச்சிகனின் சின்னம் வுல்வரின். நரியை விடக் கொஞ்சம்தான் பெரியது. அங்கே என்ன செய்வீர்கள்? தவிர, 'நரியணி' என்றால் வாசகர் தந்திரக்கார அணி என்றுதான் எடுத்துக்கொள்வார்.

வடமராட்சியான்:

அப்செட் எண்ட பேரில ஒரு குதிரையும் இருந்தது. 1919 ஆகஸ்டில சரடோகாவில ஓடி மேன் ஓ வார் எண்ட பெரிய குதிரையைத் தோற்கடிச்சது. மேன் ஓ வார் ஓடின 21 ஓட்டத்தில அது ஒண்டுதான் தோல்வி. அதுக்குப் பிறகுதான் இந்தச் சொல்லே வந்தது எண்டு சொல்லுவினம்.

கலைச்சொல் ஆசிரியை:

கதை அழகு, ஆனால் சொல் குதிரைக்கு முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் செய்தித்தாளின் பந்தயச் செய்தியிலேயே அந்தப் பொருளில் இருப்பதைக் காட்டிவிட்டார்கள்.

சொல்லின் நேர்ப்பொருள் கவிழ்த்தல்தானே? 'கவிழ்ப்பு' என்றே வைக்கலாம். 'வாண்டர்பில்ட் அலபாமாவைக் கவிழ்த்தது.' வினையாகவும் வருகிறது.

கொங்கன்:

கவிழ்ப்பு என்றாலே தமிழ்நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்புதான். எம்.எல்.ஏ.க்களை விடுதியில் அடைத்து வைத்த வாசனை வரும். வினையாக மட்டும் என்றால் எனக்குச் சம்மதம்.

நாஷ்வில்வாசி:

இன்னொரு சிக்கல். பந்தயக் கோட்டை வைத்துப் பார்த்தால் மிகப் பெரிய அப்செட் வாண்டர்பில்ட்டும் இல்லை, ஆப்பலாச்சியனும் இல்லை. 2017-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகம் நெவாடா லாஸ் வேகஸை 43-40 என வென்றது. 45 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று கணித்திருந்த அணி. 2007 அக்டோபரில் ஸ்டான்போர்ட் 41 புள்ளியில் தோற்கும் என்ற கணிப்பைத் தாண்டி யூஎஸ்சியை (தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) 24-23 என வென்றது. ஸ்டான்போர்டை எல்லாரும் பேசுகிறார்கள், ஹோவர்டை அவ்வளவாக இல்லை. விழுந்தவன் யூஎஸ்சி, அப்போது இரண்டாம் இடம். சொந்த மைதானத்தில் தொடர்ந்து 35 வெற்றி. எண் மட்டும் போதாது, விழுந்தவனின் உயரமும் வேண்டும்போல. அந்த வகையில் புலவர் ஐயாவின் யானைக்கு நியாயம் இருக்கிறது.

அந்தப் புள்ளிக் கோட்டுக்கும் ஒரு சொல் வேண்டும் அக்கா. கோடு 41 என்பதால், ஸ்டான்போர்டில் பணம் கட்டியவர், அணி 40 புள்ளியில் தோற்றிருந்தாலும் பந்தயத்தில் ஜெயித்திருப்பார்.

நெல்லைக்காரி:

தம்பி, அது அடுத்த வாரம்.

இன்று புதன். இதுவரை வந்தவற்றைத் தொகுத்துவிட்டேன். அப்செட்: பெயராக வரும் இடத்தில் 'அதிர்ச்சி வெற்றி', வினையாக வரும் இடத்தில் 'கவிழ்த்தது'. கொங்கன், ஆசிரியை, நாஷ்வில் தம்பி மூவரும் ஒப்பு. அண்டர்டாக்: 'வாய்ப்பு குறைந்த அணி'. நீளம்தான், வரியில் இடம் இல்லாத இடங்களில் 'சிறிய அணி' என்று சமாளிப்பேன். பேச்சில் பயிற்சியாளர்கள் சொல்லும்போது 'அண்டர்டாக்' என்றே விடலாமா?

கலைச்சொல் ஆசிரியை:

விடுங்கள். வகுப்பில் நானும் அப்படித்தான் செய்வேன். சொற்பட்டியலில் 'வாய்ப்பு குறைந்த அணி' இருக்கட்டும்.

வடமராட்சியான்:

எனக்கும் சம்மதம். 'உதைபந்து' எண்டு ஒரு இடத்திலயாவது போடுங்கோ.

தஞ்சையான்:

நான் ஒப்பவில்லை. மூன்று சொல் சேர்ந்த தொடரைக் கலைச்சொல் என்று ஏற்க இயலாது. புறநானூற்றில் இடைக்குன்றூர் கிழார், 'ஒருவனை ஒருவன் அடுதலும் தொலைதலும் புதுவது அன்று' என்று தொடங்கி, பாண்டியன் நெடுஞ்செழியன் ஒருவனே எழுவரை எதிர்நின்று வென்றதைத்தான் இதுவரை கேட்டதில்லை என்கிறார். தலையாலங்கானத்து வெற்றிக்கு அவர் கையில் அதிர்ச்சி என்ற சொல் தேவைப்படவில்லை. களிறடலை நான் என் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன். வேண்டுவோர் எடுத்தாளலாம்.

கொங்கன்:

எழுவரை வென்றவனுக்கு எத்தனை புள்ளிக் கோடு போட்டிருந்தார்கள் ஐயா?

நெல்லைக்காரி:

கோப்பு போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி. மேற்பார்வையாளர் 'கவிழ்த்தது' மூன்று இடத்தில் 'வீழ்த்தியது' ஆக்கியிருக்கிறார், காரணம் எழுதவில்லை. தஞ்சை ஐயா, அலபாமா பகுதியில் மட்டும் 'யானை சறுக்கியது' என்று ஒரு வரி வைத்தேன். அது தப்பித்தது.

தஞ்சையான்:

சறுக்கியது வேறு, அட்டது வேறு. யானை தானாகச் சறுக்கினால் நரிக்கு என்ன பெருமை? தனி மடல் எழுதுகிறேன்.